பல்லக்கு முதல் முச்சக்கர வண்டி வரை

திருக்கோணமலை நகரத்துப் பத்திரகாளி அம்மன் கோயிலிலே காலைப் பூசையின் மணியோசை எழுகின்ற வேளையில், பஸ் நிலையத்தின் அருகே வந்து வரிசையாக நின்றுவிடுகின்ற முச்சக்கர வண்டிகளுள் ஒன்றை அன்றைய பொழுது முழுவதற்குமாகப் பேசி அமர்த்திக்கொண்டு, சமுத்திரத்தை வலக்கைப் பக்கத்தில் வைத்தபடியே உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று வடக்கு நோக்கிச் சென்று, விரும்பிய இடத்தில் நின்று, விரும்பியவற்றைக் கேட்டறிந்து, பொழுது சாயும்போது கோட்டை வாசலுக்குத் திரும்பிவிடுவது இன்று எவருக்கும் இயலுகின்ற காரியம். சென்ற பங்குனி மாதக் கடைசியில் நானும் அவ்வாறு ஒரு வண்டியில் ஏறினேன். சாரதி முப்பது வயதைத் தாண்டாத இளைஞர். "ஐயா, அவசரமாப் போகவேணுமோ, ஆறுதலாப் போவமோ?" என்பதே அவர் என்னிடத்தில் கேட்ட முதற் கேள்வி. ஆறுதல் என்ற சொல்லுக்குத் துயரம் தணிதல் என்ற பொருளை மாத்திரமே அறிந்த தமிழகத்து வாசகர்களுக்கு, ஈழத்துப் பேச்சு வழக்கில் அது அவசரமின்மையையும் குறிக்கும் என்பதைச் சொல்லியாக வேண்டும். "ஆறுதலாவே போவம், தம்பி" என்றேன். அன்று அவர் எனக்குக் காட்டிய கரையைப் பற்றியும், அக்கரையில் அவருக்கு முன்னே மனிதர் எவ்வெவற்றின்மேல் ஏறிச் சென்றனர், அவர்களைச் சுமந்தவர் யாவர் என்பதைப் பற்றியும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தத் துறைமுகத்தைக் கடலிலிருந்து கண்டு வியந்து எழுதியவர்கள் மிகப் பலர். கொட்டியாரக் குடா என்னும் விரிந்த வெளிக்குடாவைக் கடந்து, குன்றுகள் சூழ்ந்து காவல் செய்கின்ற உட்குடாவினுள்ளே நுழைகின்ற எந்த மாலுமிக்கும், வாடைக் காற்றானாலும் சோழகக் காற்றானாலும் பெரிய கப்பல்கள் அஞ்சாது தங்கியிருப்பதற்கேற்ற ஆழமும் அடக்கமும் உள்ள இடம் இதுவென்பது கண்ட மாத்திரத்தில் விளங்கிவிடும். அந்த ஆழத்தின் பொருட்டே 1782ஆம் ஆண்டு என்ற ஓராண்டுக்குள் இத்துறை மூன்று கொடிகளைக் கண்டது. ஒல்லாந்தரிடமிருந்து ஜனவரியில் ஆங்கிலேயர் கைப்பற்றினர். ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடற்றளபதி சஃப்ரன் அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டார். பின்னர் உடன்படிக்கையினால் ஒல்லாந்தரிடமே மீண்டு, 1795இல் மறுபடியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. இவர்கள் யாவரும் கண்டது துறைமுகம். கப்பலின் மேற்றட்டில் நின்று நோக்குவோனுக்குக் கரையென்பது வெண்மணலுக்கு மேலே கிடக்கின்ற ஒரு பச்சைக் கோடு. அக்கோட்டுக்குள்ளே எத்தனை ஊர்கள் உள்ளன, எத்தனை குளங்கள் உள்ளன, யார் யார் வாழ்கின்றனர் என்பது தரைவழியாக வந்தவர்களுக்கே தெரிந்தது.

தரைவழியோ இலகுவானதன்று. தெற்கே வெருகலாறும் மகாவலியின் ஏனைய கிளைகளும் கடலோடு கலக்கின்ற வாய்கள், மேற்கே கிண்ணியாவின் நீரிணை, வடக்கே சாம்பல்தீவுக் கழி, அதற்கப்பால் இறக்கக்கண்டிக் களப்பு என்று சில மைல்களுக்கு ஒருமுறை நிலம் அறுந்து நீர் குறுக்கிடுகின்ற நாடு இது. இவ்வாறான நீரைக் கடத்துகின்ற மிதவையைக் கிழக்கிலங்கையார் பாதை என்றே அழைக்கின்றனர். பிற தமிழ்நாடுகளில் மனிதர் நடக்கின்ற நிலத்துக்கு உரியதாகிய பெயர், இங்கே நீரின்மீது மிதந்து செல்லும் பலகைகளுக்கு ஆகிவந்திருப்பதிலிருந்தே, இக்கரையிற் பிரயாணம் என்பது எத்தகையதாக இருந்ததென்று ஊகித்துக்கொள்ளலாம். பாதைகாரன் மறு கரையில் இருந்தானானால், இக்கரையில் மரநிழலிற் காத்திருக்க வேண்டும். காத்திருப்போர் கதை பேசுவர். அக்கதைகளே இக்கரையின் எழுதப்படாத புராணமாயின.

ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் கோணேசர்மீது பாடிய பதிகம் சைவ உலகம் முழுவதும் அறிந்தது. அதனை அவர் இராமேசுவரத்தில் நின்றவாறே, கடலைக் கடவாமற் பாடியருளினார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. கண்ணாற் காணாத ஒரு மலையையும், அதன் அடியில் மோதுகின்ற கடலையும் அத்துணை அணுக்கமாகப் பாடுவதற்கு, அங்கே சென்று மீண்ட யாத்திரிகர்களும் வணிகர்களும் கூறிய செய்திகள் அக்காலத்தில் பாண்டிநாட்டுக் கரையெங்கும் பரவியிருந்திருக்க வேண்டும் என்று நான் எண்ணுவதுண்டு. அருளின் பெருமையை அவ்வெண்ணம் குறைக்காது. யாத்திரிகர் எனப்படுபவர் கால்நடையாக வந்தவர். வந்த வழியின் பெயர்களையெல்லாம் மனத்திற் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பியவர்.

அந்தக் கோணேசர் கோயிலுக்கு நேர்ந்த கதியையும் இங்கே சொல்லாமற் கடக்க இயலாது. 1620களின் தொடக்கத்தில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா சுவாமிமலை மீதிருந்த ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே அம்மலையின் கழுத்திற் கோட்டையொன்றைக் கட்டுவித்தான். கோட்டை வாசலின் கற்களிலே பாண்டியரின் இரட்டைக் கயற் சின்னத்தை இன்றும் காணலாம். பக்தர்கள் எடுத்துச் சென்ற திருவுருவங்களுக்குத் தம்பலகாமம் புகலிடமாயிற்று. ஆதிகோணேசர் ஆலயம் அங்கே எழுந்தது. கோட்டைக்கு 1803இல் ஆங்கிலேய இளவரசன் ஒருவன் பெயரால் பிரெடெரிக் கோட்டை என்று பெயரிட்டனர். இன்று அந்த வாசலினூடாகவே கோணேசர் கோயிலுக்குச் செல்லவேண்டியிருக்கிறது. வாசலின் இருமருங்கிலும் புள்ளிமான்கள் மனிதருக்கு அஞ்சாது மேய்கின்றன. என் சாரதி வண்டியை அங்கே நிறுத்தி, கயல் பொறித்த கல்லைக் காட்டியபோது, அதனைத் தாம் முதன்முதற் கண்டது பாட்டனாரின் தோளின்மேல் இருந்தவாறு என்றார்.

இக்கரைக்குத் தம் விருப்பமின்றி வந்து, இதனைப் பற்றி உலகமெல்லாம் படிக்கும்படி எழுதிவைத்தவர் ஒருவர் உண்டு. 1659ஆம் ஆண்டுக் கடைசியிற் சோழமண்டலக் கரையில் வீசிய புயலிற் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், பழுது பார்ப்பதற்கும் வியாபாரம் செய்வதற்குமாகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்து நங்கூரமிட்டது. கப்பற்றலைவரையும், ரொபேட் நொக்ஸ் என்ற அவர் மகனையும், மாலுமிகள் சிலரையும் 1660ஆம் ஆண்டிற் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் சிறைப்பிடித்து மலைநாட்டுக்கு நடத்திச் சென்றனர். தந்தை அடுத்த ஆண்டிலேயே காய்ச்சலால் மாண்டார். மகனோ பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்து, தொப்பி பின்னி விற்றும், சில்லறை வியாபாரம் செய்தும், அந்த வியாபாரத்தின் பேரால் ஊரூராகத் திரிந்து வழிகளைக் கற்றுக்கொண்டும், 1679இல் வடமேற்குக் கரையிலுள்ள அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து விடுதலை பெற்றார். 1681இல் இலண்டனில் அச்சான அவரது நூல் இலங்கையைப் பற்றிய ஆங்கில நூல்களுள் தலையாயதாக மதிக்கப்படுகிறது. மூதூரிலே அவர் பிடிபட்ட இடமென்று சொல்லப்படும் மரத்தடி வெள்ளைக்காரன் மரம் என்று பெயர் பெற்றது. நொக்ஸின் நூலிலே என்னைக் கவர்ந்த சிறப்பு ஒன்று: இடங்களை அவர் நடந்து கற்றார். துறைமுகத்தை அளந்த தளபதிகளின் குறிப்புக்களில் இல்லாத சோறும் கறியும் வேலியும் வயலும் வழக்கும் சண்டையும் அவர் ஏட்டில் இருப்பதற்கு அந்நடையே காரணம்.

நடந்தவனுக்கு நேர்மாறாக, தூக்கிச் செல்லப்பட்டவர் ஒருவரைப் பார்ப்போம். இலங்கையின் முதல் ஆங்கிலத் தேசாதிபதியாகிய பிரெடெரிக் நோர்த் 1800ஆம் ஆண்டிலே தீவைச் சுற்றிப் பிரயாணம் செய்தார். அவருடன் சென்ற பாதிரியார் ஜேம்ஸ் கோர்டினர், தாம் கண்டவற்றை 1807இல் நூலாக வெளியிட்டார். அந்தப் பரிவாரத்தின் கணக்கு வியக்கத்தக்கது: பல்லக்குத் தூக்கிகள் 160 பேர், சுமைக்கூலிகள் 400 பேர், இவர்களுக்கு மேலாக யானைகள் இரண்டு, குதிரைகள், காவலர். ஒரு சில துரைமார் கரையோரத்தைக் கண்டு மகிழும்பொருட்டு ஐந்நூற்றுக்கும் அதிகமான மனிதர் மணலிலும் சேற்றிலும் களப்பு நீரிலும் தோள் கன்றச் சுமந்து நடந்தனர். நூலிலே துரைமாரின் பெயர்கள் உண்டு. அவர்கள் உண்ட விருந்தின் வர்ணனை உண்டு. யானைகளின் செய்கையும் உண்டு. சுமந்தவர்களின் பெயர்கள் இல்லை. அவர்களுள் எத்தனை பேர் இக்கரையின் ஊர்களைத் தம் உள்ளங்கைபோல் அறிந்திருந்தனரோ! எந்தக் களப்பில் எந்தப் பருவத்தில் ஆழம் குறையும், எந்த மேட்டில் நல்ல தண்ணீர் கிடைக்கும், எந்தப் பாறையின்மேல் எழுத்து இருக்கிறது என்பதையெல்லாம் அறிந்தவர்களை, வாய் திறவாது சுமப்பதற்கென்றே வைத்திருந்த பிரயாணம் அது. தேசாதிபதிக்குக் கிடைக்காத செய்திகள் அவருடைய பல்லக்கின் நான்கு முனைகளிலேயே நடந்துகொண்டிருந்தன.

அதன்பின் ஒரு நூற்றாண்டுக் காலத்தில் நடைவழிகள் சிறிது சிறிதாகத் தெருக்களாயின. மாட்டுவண்டிகள் வந்தன, நகரங்களிலே யப்பானியர் வகுத்த ரிக்‌ஷாவை மனிதனே மனிதனை ஏற்றி இழுத்தான், 1927இல் புகையிரதம் திருக்கோணமலைக்கு வந்தது. சீனக்குடாவிலே பிரித்தானியக் கடற்படைக்காக எண்ணெய்க் குதங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்ததும், 1957இல் பிரித்தானியர் இக்கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்றதும் பலரும் எழுதிய சரித்திரமாதலின், அவற்றை நான் விரிக்கவில்லை.

முச்சக்கர வண்டியின் பூர்வோத்தரம் அவ்வளவு பிரசித்தமன்று. இரண்டாம் உலகப் போரில் இடிந்து கிடந்த இத்தாலி தேசத்திலே, பணமும் பெற்றோலும் அரிதாயிருந்த காலத்தில், பியாஜியோ கம்பனியார் முன்னர் விமானம் செய்த தொழிற்சாலையில் 1946இல் ஒரு சிறு இருசக்கர வாகனத்தைச் செய்து குளவியின் பெயரை அதற்கு இட்டனர். இரண்டு ஆண்டுகளின் பின் அதனையே மூன்று சக்கரத்துச் சுமைவண்டியாக மாற்றித் தேனீயின் பெயரைச் சூட்டினர். அந்தத் தேனீ பூனாவுக்குப் பறந்து வந்து, பஜாஜ் நிறுவனத்தார் கையில் மூவரை ஏற்றுகின்ற வண்டியாயிற்று. இலங்கையில் 1977ஆம் ஆண்டின் பின்னர் இறக்குமதி வாயில்கள் திறக்கப்பட்டபோது அவ்வண்டிகள் கப்பலேறி வந்தன. இன்று இத்தீவிலே பதிவுபெற்றவை பதினொரு இலட்சத்துக்கு மேல். ஓட்டோ என்றும், திரீவீல் என்றும், பத்திரிகைகளில் முச்சக்கர வண்டி என்றும் வழங்குகின்ற இது, நிலமில்லாதவனுக்கும் படகிழந்தவனுக்கும் பரீட்சையில் தவறியவனுக்கும் தவணைக் கடனிற் கிடைக்கின்ற ஒரு பிழைப்பு. இதனை இழிவாகப் பேசுவோர் உளர். வீதியில் இதன் போக்கைக் கண்டு சினப்போரும் உளர். ஆயினும், ரிக்‌ஷாவை இழுத்தவனும் பல்லக்கைச் சுமந்தவனும் தம் மூச்சைச் செலவிட்டார்கள். பேசுவதற்கு அவர்களிடத்தில் மூச்சு எஞ்சியிருக்கவில்லை. முச்சக்கர வண்டியின் சாரதிக்கோ மூச்சு மிச்சமாகிறது. அவன் பின்னே திரும்பிப் பேசுகிறான். சுமப்பவன் சொல்லுகின்றவனாகவும் ஆனது இவ்வண்டியிலேதான் என்பது என் துணிபு.

அவ்வாறு அவன் பேசத் தொடங்கிய காலத்திலேயே போர் வந்துவிட்டது. 1983 முதல் 2009 வரை இக்கரையிற் பிரயாணம் என்பது சோதனைச் சாவடிக்கும் சோதனைச் சாவடிக்கும் இடையே உள்ள தூரமாயிற்று. திரியாய் மக்கள் வீடுகளையும் வயல்களையும் விட்டுப் பல ஆண்டுகள் வேற்றூர்களில் அலைந்தனர். 2006இல் மூதூரிலும் சம்பூரிலும் தமிழரும் முஸ்லிம்களும் உடுத்த துணியோடு வெளியேறினர். அதற்கு முன்னர், 2004 டிசம்பர் 26இல், ஆழிப்பேரலை கரையோர வாடிகளையெல்லாம் வாரிக்கொண்டு போயிற்று. அமைதி திரும்பியபின் 2009 ஒக்டோபரில் கிண்ணியாவின் நீரிணைக்கு மேலாக 396 மீற்றர் நீளமுள்ள பாலம் திறக்கப்பட்டது. மூதூர் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் தெருவின் ஏனைய துறைகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாலங்களாயின. பாதைகாரனுடைய தொழில் முடிந்ததென்று எண்ணியிருந்தோம். ஆனால் 2021 நவம்பர் 23ஆம் நாள், பாலவேலை நடந்துகொண்டிருந்த குறிஞ்சாக்கேணியில், பள்ளிக்கூடம் செல்லும் சிறுவர்களையும் ஏற்றிச் சென்ற பாதை கவிழ்ந்து உயிர்கள் மாண்டன. அந்த இடத்தைப் பற்றிப் பேசும்போது என் சாரதி குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருடைய உறவினர் எவரும் அதில் இல்லை. ஆயினும் அந்தச் சிறுவர்களின் வகுப்புக்களை எல்லாம் அறிந்திருந்தார்.

இனி வடக்குத் தெருவுக்கு வருவோம். நகரத்தை விட்டு நீங்கி உப்புவெளியை அடைந்தவுடன் வீதியோரத்தில் இருக்கின்றது உலகப் போரில் மாண்டவர்களின் மயானம். புல் கத்தரித்து, கற்கள் வெளுத்து, அவற்றிலே பெயரும் நாளும் எழுதப்பட்டு, வரிசை பிசகாது கிடக்கின்றனர் அன்னிய தேசத்து இளைஞர்கள். தாய்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மைல்களுக்கப்பால் மாண்டவனுக்கும் பெயரெழுதிக் காக்கின்ற அந்த ஒழுங்கை நான் மனமாரப் போற்றுகிறேன். அங்கிருந்து சாம்பல்தீவுப் பாலத்தைத் தாண்டினால் பனைகளின் நாடு, நிலாவெளியில் உப்பளங்கள், அப்பாற் சின்ன வெங்காயத் தோட்டங்கள். வண்டிக்குக் கதவில்லை, ஆதலால் உப்புக் காற்றும், கருவாட்டு வாடையும், வெயிலிற் காய்கின்ற பனையோலையின் மணமும் உள்ளே வந்து இருக்கை கேட்கின்றன. கண்ணாடி ஏற்றிக் குளிரூட்டிய வானில் இதே வீதியால் மும்முறை சென்றிருக்கிறேன். வெங்காயத் தோட்டங்கள் உள்ளனவென்று எனக்குத் தெரியாது.

நிலாவெளிக் கரையிலே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தனர். சாரதி கேளாமலே வண்டியை நிறுத்தி இறங்கிச் சென்று, கயிற்றின் கடைசியிற் கை வைத்து ஐந்து நிமிடம் இழுத்துவிட்டு வந்தார். அவருடைய தகப்பனார் அந்தக் கரைவலையில் இருந்தவராம். இழுப்போர் முறை வைத்துப் பாடுகின்ற அம்பாப் பாட்டு இப்போது அருகிவிட்டதென்றும், கிழவர்கள் இரண்டொருவருக்கே அடிகள் நினைவில் உள்ளனவென்றும் சொன்னார். கடலுக்குள்ளே சிறு தொலைவில் தெரிந்தது புறாத்தீவு. மாடப்புறாக்கள் கூடுகட்டும் பாறைகளும் பவளத் திட்டுக்களும் உள்ள அத்தீவு 2003இலிருந்து தேசிய பூங்கா. வருகின்ற பிரயாணிகள் பெரும்பாலோர் அங்கே சென்று மீன் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர்.

நிலாவெளி என்ற பெயர் வெளியுலகத்துக்குக் கடற்குளிப்பின் பெயராக ஆகிவிட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அது கோயில் நிலத்தின் பெயர். அவ்வூரிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டொன்று, கோணேசருக்கு 250 வேலி நிலம் வழங்கப்பட்டதைக் கூறுகிறது. நகருக்கு வடமேற்கே பெரியகுளத்திலோ வெல்கம் விகாரை என்ற புத்தப்பள்ளி இருக்கின்றது. சோழராட்சிக் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற அவ்விடத்தில், அப்பள்ளிக்கு விளக்கும் பசுவும் கொடுத்தவர்கள் தமிழிலேயே எழுதிவைத்துள்ளனர். இன்னும் வடக்கே சென்றால், குச்சவெளியிற் கடலுக்குள் நீண்ட பாறைமுனையில் வடமொழிக் கல்வெட்டு; அதற்கப்பால், திரியாய்க் குன்றின்மேல் கற்றூண்கள் சூழ்ந்த வட்ட வடிவான புராதனச் சேதியம்; அங்கேயும் வடமொழி, எழுத்துமாத்திரம் பல்லவ கிரந்தத்தின் சாயல்; அது புத்தபிரானின் முதல் உபாசகர்களாகிய இரு வணிகச் சகோதரரின் பெயரைச் சொல்லுகிறது. இக்கரையின் கற்கள் ஒரே சமயத்தையோ ஒரே மொழியையோ பேசவில்லை. இவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏனையவற்றை மறைக்கின்றவர்கள், எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவராயினும், கல்லுக்குத் துரோகம் செய்கின்றனர் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

குச்சவெளிப் பாறையில் நாங்கள் இருவரும் நெடுநேரம் இருந்தோம். அந்த எழுத்துக்களைப் பற்றி என் சாரதிக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. "சின்னனிலிருந்து இதிலதான் ஐயா விளையாடினனான். என்ன எழுதியிருக்கெண்டு ஒருத்தரும் சொல்லித்தரேல்ல" என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் தமது கைத்தொலைபேசியில் என் குரலைப் பதிவு செய்துகொண்டார். அடுத்த முறை வருகின்றவர்களுக்குச் சொல்லவேண்டுமாம். அதற்கு ஈடாக, அந்த முனையில் வாடைக்கும் கச்சானுக்கும் கடல் எவ்வாறு நிறம் மாறும் என்பதையும், ஆழிப்பேரலை வந்த அன்று நீர் முதலில் எதுவரைக்கும் பின்வாங்கிற்று என்பதையும் அவர் எனக்குச் சொன்னார். அவற்றை எந்த நூலிலும் நான் படித்ததில்லை.

மாலையில் சுவாமிமலைக்குத் திரும்பினோம். இராவணன் வெட்டு என்று சொல்லப்படும் மலைப்பிளவின் கீழே, மிக ஆழத்திற் கடல் இரைந்துகொண்டிருந்தது. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மூழ்கிப் பழைய ஆலயத்தின் தூண்களையும் கற்களையும் கண்டது அக்கடலின் அடியிலேதான். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், நகரத்திற் கிணறு வெட்டியபோது மண்ணிற் புதைந்திருந்த சோமாஸ்கந்தர் முதலிய திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1963இல் கோணேசருக்குக் குடமுழுக்கு நடந்தது. வில்சன் பின்னாளில் துறவு பூண்டு சுவாமி சிவகல்கி என்ற பெயரோடு வாழ்ந்தார். மலையின்மேல் ஒல்லாந்தர் காலத்துத் தூண் ஒன்றும் நிற்கிறது. அதிற் பொறித்த நாள் 1687 ஏப்ரல் 24. காதலன் கப்பலேறிப் போனமையால் பிரான்சினா என்ற நங்கை இங்கிருந்து பாய்ந்தாள் என்ற கதையை, அங்கே நின்ற வழிகாட்டி ஒருவர் வெளிநாட்டார் சிலருக்கு விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நிலாவெளியின் 250 வேலியை அவர் சொல்லவில்லை. அவர்மேற் குறை கூறுவதற்கில்லை. அந்தக் கதையை அவருக்கு அன்னியர் எழுதிக் கொடுத்திருக்கின்றனர். கல்வெட்டை நாம் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆகையால், திருக்கோணமலை மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களிலும் பல்கலைக்கழக வளாகத்திலும் சரித்திரம் கற்பிக்கின்ற ஆசிரியப் பெருமக்களிடத்தில் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. இந்தக் கரையின் கல்வெட்டுக்களையும் விகாரைகளையும் கோயில்களையும் பள்ளிவாசல்களையும் துறைகளையும் பற்றி, ஒரு சாரதி தன் வண்டியின் முன்பெட்டியில் வைத்துக்கொள்ளத்தக்க அளவில், தமிழிலும் சிங்களத்திலும் சிறு நூலொன்று செய்து கொடுங்கள். கொடுக்கும்போதே அவர்களுக்குத் தெரிந்தவற்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அம்பாப் பாட்டின் அடிகளை நினைவில் வைத்திருக்கும் கிழவர்கள் இன்னும் இரண்டொருவரே உளர்.

கூலியைக் கொடுத்து விடைபெறும்போது, கட்டுரையில் அவருடைய பெயரை எழுதலாமோவென்று சாரதியைக் கேட்டேன். "என்ட பேர் வேணாம் ஐயா. ஊர்களிட பேரைச் சரியா எழுதுங்கோ; பலகையளில எல்லாம் பிழையாக் கிடக்கு" என்றார். அவர் சொல்ல நான் எழுதிக்கொண்டவாறே தருகிறேன்: உப்புவெளி, அலஸ்தோட்டம், சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய், புல்மோட்டை.